பால், முட்டை, கடலை, எள் ஆகாத குழந்தைக்கு என்ன கொடுப்பது?

எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் பெற்றோரில் சிலர், அமர்ந்தவுடன் ஓர் ஆய்வக அறிக்கையை மேசையின்மீது விரிக்கின்றனர். அறுபது, எழுபது உணவுப் பொருள்களின் பெயர்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் இருபது, முப்பது பெயர்களுக்கு எதிரே சிவப்பு நிறத்தில் குறியிட்டிருப்பார்கள். பால், முட்டை, கோதுமை, துவரை, உளுந்து, கத்தரிக்காய், தக்காளி, வாழைப்பழம் என்று அப்பட்டியல் நீளும். "இத்தனையும் ஆகாதுன்னா, புள்ளைக்கு எதைத்தான் டாக்டர் கொடுக்கிறது?" என்பதே அவர்களின் முதல் கேள்வி.

கேள்வி நியாயமானது. ஆனால் பட்டியல் பெரும்பாலும் அவ்வளவு நியாயமானதன்று. ஒன்றுக்கு மேற்பட்ட உணவு ஒவ்வாமை உள்ள குழந்தையை வளர்ப்பதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. உண்மையிலேயே ஆகாத உணவு தெரியாமல் உள்ளே சென்றுவிடுவது ஒன்று. ஆகும் உணவுகளையும் அச்சத்தால் நிறுத்திவிட்டுக் குழந்தையை மெலியவிடுவது மற்றொன்று. குன்னம் வட்டாரத்தில் நான் காணும் குழந்தைகளுள் இரண்டாம் வகைத் துன்பத்துக்கு உள்ளானவர்களே அதிகம்.

எது ஒவ்வாமை, எது அன்று

நம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு, ஓர் உணவில் உள்ள புரதத்தைப் பகையாகத் தவறாகக் கருதி, ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அடுத்த முறை அப்புரதம் உள்ளே செல்லும்போது, சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சுத் திணறல் முதலியன தோன்றுகின்றன. இதுவே உணவு ஒவ்வாமை. பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு ஏற்படுவது பெரும்பாலும் பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காததால் வருவது. அது தொல்லை தரும்; உயிருக்கு ஆபத்தன்று. "பால்தான் ஆகாது, மோர் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். சர்க்கரை செரிக்காத குழந்தைக்கு மோர் ஒத்துக்கொள்ளக்கூடும். பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மோர், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் கூடாது. புரதம் அவை அனைத்திலும் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது. ஆகவே இவ்விரண்டில் எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடம், செந்துறைப் பகுதிகளிலிருந்து வருவோர் மற்றொன்றையும் குழப்பிக்கொள்கின்றனர். முந்திரிக்கொட்டை உடைக்கும்போது அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டுக் கை கொப்புளிப்பது தோல் அழற்சி. முந்திரிப்பருப்பைத் தின்றால் உதடு வீங்குவதுதான் உணவு ஒவ்வாமை. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் என்று பொருளில்லை.

இரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ தென்படுவதும் குழந்தைக்கு ஒவ்வாமை இருப்பதும் ஒன்றல்ல. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் பெரியவர்களிடையே செய்யப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ 26.5 சதவீதத்தினரிடம் இருந்தது. ஆனால் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கருதத்தக்கவர்கள் 1.2 சதவீதத்தினர் மட்டுமே. அறிக்கையை மட்டும் பார்த்து உணவை நிறுத்தினால், காரணமின்றிப் பட்டினி கிடப்போர் எத்தனை பேர் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஐஜிஜி என்னும் வேறொரு எதிர்ப்பொருளை அளந்து ‘உணவு ஒவ்வாமைப் பட்டியல்’ தரும் பரிசோதனைகளும் விற்கப்படுகின்றன. அவற்றுக்குச் செலவிடும் பணத்தில் குழந்தைக்கு மீன் வாங்கிக் கொடுக்கலாம் என்றே சொல்வேன். ஐஜிஜி என்பது பெரும்பாலும் அந்த உணவைக் குழந்தை சாப்பிட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே.

பின் எப்படிக் கண்டறிவது? முதலில் நீங்கள் சொல்லும் வரலாறு: என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது, மறுமுறையும் அதே போல் நடந்ததா. அடுத்து, அந்த வரலாறு சுட்டும் ஓரிரு உணவுகளுக்கு மட்டும் தோல் குத்துப் பரிசோதனை அல்லது இரத்தப் பரிசோதனை. ஐயம் தீராவிட்டால், மருத்துவமனையில் மருத்துவர் கண்காணிப்பில், மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக அந்த உணவைக் கொடுத்துப் பார்ப்பது. இதுவே இறுதித் தீர்ப்பு. இதை வீட்டில் செய்யக் கூடாது.

ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அறிக்கையில் இருபத்தேழு உணவுகள் குறியிடப்பட்டிருந்தன. எட்டு மாதங்களாகச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர வேறெதையும் அவன் தொடவில்லை. எடை 15 கிலோ. அவ்வயதுக்கு ஏறத்தாழ 20 கிலோ இருக்க வேண்டும். வரலாற்றைத் துருவிக் கேட்டு, பரிசோதனைகளும் செய்து முடித்தபோது எஞ்சியவை நான்கு: பால், முட்டை, நிலக்கடலை, எள். கோதுமை, உளுந்து, துவரை, கத்தரிக்காய், வாழைப்பழம் எல்லாம் திரும்பத் தட்டுக்கு வந்தன. நான்கு என்பதும் சிறிய எண்ணிக்கையன்று, அதிலும் நம் ஊர்ச் சமையலில். இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி அந்த நான்கையும் பற்றியதே.

ஒளிந்திருக்கும் இடங்கள்

கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் வளர்ந்தது நம் சமையல். ஆலையில் முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட கடலை எண்ணெயில் புரதம் ஏறத்தாழ இராது. செக்கில் ஆட்டிய எண்ணெய் அப்படியன்று. பிண்ணாக்கின் நுண்துகள்களும் புரதமும் அதில் இருக்கும். பிறருக்கு நல்லதென்று போற்றப்படும் செக்கு எண்ணெயே இக்குழந்தைக்கு ஆபத்தாகிறது. இன்னொன்றையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடலை ஆட்டிய அதே செக்கில்தான் பெரும்பாலும் எள்ளையும் தேங்காயையும் ஆட்டுகிறார்கள். ‘தேங்காய் எண்ணெய்தானே’ என்று வாங்கிவரும் செக்கெண்ணெயில் கடலையும் எள்ளும் கலந்திருக்கலாம். ஆகவே கடலை, எள் ஒவ்வாமை உள்ள வீட்டில் சுத்திகரிக்கப்பட்ட சூரியகாந்தி எண்ணெயையோ, உறையிடப்பட்ட தேங்காய் எண்ணெயையோ பயன்படுத்துமாறு அறிவுறுத்துகிறேன்.

மாவு மில்லிலும் இதே சிக்கல் உண்டு. உங்களுக்கு முன்னால் நின்றவர் எள் சேர்த்த இட்லிப்பொடியையோ கடலை சேர்த்த சத்துமாவையோ அரைத்திருந்தால், அதன் மிச்சம் உங்கள் கேழ்வரகு மாவில் சேரும். முடிந்தவரை வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். அந்த மிக்ஸிச் சாடியில் எள்ளுப்பொடி அரைக்கும் பழக்கம் இருந்தால், குழந்தைக்கென ஒரு சாடியைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. தோசைக்கல், கரண்டி, பணியாரச் சட்டி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நல்லெண்ணெய் ஊறிய இரும்புக் கல்லைக் கழுவிச் சுத்தமாக்குவது கடினம். தனிக் கல் எளிது.

கடைத் தின்பண்டங்களில் மிக்சர், காராச்சேவு, கடலைமிட்டாய், பொரியுருண்டை முதலிய யாவும் ஒரே கூடத்தில் செய்யப்படுகின்றன. பலகாரக் கடையில் ஒரே எண்ணெய்ச் சட்டியில் எல்லாம் வேகின்றன. பால் புரதம் ரொட்டி, பிஸ்கட், சாக்லேட் முதல் ‘சத்து பானம்’ வரை பரவியிருக்கிறது. அடுமனைப் பண்டங்களின் மேற்பூச்சில் முட்டை இருக்கும். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோருக்கு ஒரு சொல்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கிறது, உறையைப் படித்து, அரிசி மாவு கலந்ததைத் தேடி வாங்குங்கள்.

உறையைப் படிப்பது எப்படி? இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, குளூட்டன் உள்ள தானியங்கள், இறால், நண்டு வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட் ஆகியவை இருந்தால் உறையில் தனியே அறிவிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் எள் இல்லை. எள்ளை இவ்வளவு உண்ணும் நாட்டில் இது ஒரு குறை என்பது என் கருத்து. எனவே எள் ஆகாத குழந்தைக்கு, ஒவ்வாமை அறிவிப்பை மட்டும் நம்பாமல், மூலப்பொருள்களின் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும்.

எள்ளை எளிதாக எண்ண வேண்டாம் என்பதற்கு வெளிநாட்டு நிகழ்வு ஒன்று சான்று. 2016 ஜூலையில் நடாஷா எட்னன்-லாப்பரூஸ் என்னும் 15 வயது ஆங்கிலேயச் சிறுமி, இலண்டன் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியை உண்டு, விமானத்தில் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உள்ளாகி உயிரிழந்தாள். ரொட்டி மாவுக்குள்ளேயே எள் கலந்திருந்தது. உறையில் அது குறிப்பிடப்படவில்லை. அவளுடைய பெற்றோரின் முயற்சியால், கடையிலேயே செய்து உறையிட்டு விற்கும் உணவுகளுக்கும் முழு மூலப்பொருள் பட்டியல் தேவை என்னும் சட்டம் 2021 அக்டோபரில் அங்கு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவும் 2023 முதல் எள்ளைக் கட்டாய அறிவிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மாற்று உணவுகள்

ஓர் உணவை நிறுத்தும்போது, அது தந்த சத்து எதுவோ அதை வேறு வழியில் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பெயர் மாற்றினால் போதாது. பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை நம் சிற்றூர்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆட்டுப்பால் புரதமும் எருமைப்பால் புரதமும் பசும்பால் புரதத்தைப் பெரிதும் ஒத்தவை. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஆட்டுப்பாலும் ஆகாது. தெருவில் கொண்டுவந்து சங்கில் புகட்டும் கழுதைப்பால் காய்ச்சாத பால், அதில் கிருமித் தொற்றுக்கு வாய்ப்புண்டு, வேண்டாம். தேங்காய்ப்பால் கொழுப்பும் சுவையும் தரும்; ஆனால் அதில் கால்சியமும் புரதமும் மிகக் குறைவு. சமையலுக்கு நல்லது, பாலுக்கு ஈடாகாது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் தாய்ப்பாலைத் தொடர்வதே முதல் வழி. தாய் பால் பொருள்களை நிறுத்த வேண்டியதில்லை. தாய்ப்பால் குடித்தவுடன் குழந்தைக்கு அறிகுறிகள் தோன்றினால் மட்டுமே அது தேவை. அப்போது தாய்க்குக் கால்சியம் மாத்திரை கொடுக்க வேண்டும். தாய்ப்பால் இல்லாத குழந்தைக்குப் புரதம் நன்கு சிதைக்கப்பட்ட சிறப்புப் பால்மாவு உண்டு. அது விலை அதிகம். ஆறு மாதத்துக்கு மேல் சிலருக்குச் சோயாப் பால்மாவு போதுமானதாகும். இதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பெரிய குழந்தைக்குக் கால்சியம் எங்கிருந்து வரும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகிலோ ஏறத்தாழ 350 மில்லிகிராம். ஆனால் ஆறு வயதுக் குழந்தை ஒரு நாளில் உண்ணும் கேழ்வரகு மாவு 50, 60 கிராம்தான். அதிலும் முழுவதும் உடலில் சேராது. ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் சற்றுக் கூடுதலாகச் சேரும். அதனுடன் முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி வாரத்துக்கு மூன்று நாள் என்று சேர்த்தாலும் கணக்கு முழுமையாவது கடினம். கால்சியம் மிகுந்த எள்ளும் இக்குழந்தைக்கு ஆகாது. ஆகவே பால், எள் இரண்டையும் நிறுத்திய குழந்தைக்குக் கால்சியம், வைட்டமின் டி மருந்துகளை எழுதிக் கொடுக்கிறேன். பால், முட்டை இரண்டும் இன்றி, மீனும் இறைச்சியும் உண்ணாத வீடாக இருந்தால் வைட்டமின் பி12 மருந்தும் அவசியம். தாவர உணவில் அது கிடைப்பதில்லை.

முட்டையின் புரதத்தை ஈடுசெய்வது எளிது. பருப்புச் சோறு, சுண்டல், மீன், கோழி எதுவும் பயன்படும். நிலக்கடலை பயறு வகையைச் சேர்ந்தது என்பதால் எல்லாப் பருப்பையும் நிறுத்துகிறார்கள், தேவையில்லை. கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் துவரை, பாசிப்பயறு, உளுந்து ஆகியவற்றை நன்றாகவே உண்கின்றனர். கடலைச் சட்னிக்குப் பதில் தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைத்த சட்னி. எள் இல்லாமல் உளுந்தும் கடலைப்பருப்பும் மிளகாயும் வறுத்த இட்லிப்பொடி. கடலைமிட்டாய்க்குப் பதில் வீட்டிலேயே வெல்லப்பாகில் பிடித்த பொரியுருண்டை. பிறந்தநாளுக்குத் தேங்காய்ப்பாலில் சேமியாப் பாயசம் வையுங்கள்; நெய்யில் வறுக்காமல் எண்ணெயில் வறுத்தால் போதும். கோதுமை ஆகாத குழந்தைக்குச் சேமியாவும் ரவையும் கூடாது. அவர்களுக்குத் தினை, சாமை, வரகு, கம்பு, சோளம் இருக்கின்றன. நம் மாவட்டத்து வயல்களில் விளையும் மக்காச்சோளத்தையும் ரவையாக உடைத்து உப்புமா கிண்டலாம். தயிர்ச்சோறு இல்லாமல் சாப்பாடு முடியாது என்று அழும் குழந்தைக்குப் பழைய சோற்றில் சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்; பலருக்குப் பிடித்திருக்கிறது.

பள்ளியும் அங்கன்வாடியும்

பள்ளிச் சத்துணவில் முட்டை உண்டு. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் முதலியன பரிமாறப்படுகின்றன; உப்புமாவில் ரவையும் சேமியாவும் உண்டு. அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவில் கோதுமை, கடலைப்பருப்பு முதலியன சேர்ந்திருக்கும். பொதியைப் படித்துவிட்டே கொடுங்கள். தலைமையாசிரியருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் மருத்துவரின் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். ஆகாத உணவுகளின் பெயர்கள், தோன்றக்கூடிய அறிகுறிகள், செய்ய வேண்டியவை, இரண்டு கைப்பேசி எண்கள் ஆகியன ஒரே பக்கத்தில் இருக்கட்டும். குழந்தைக்கும் ஒரு சொற்றொடரைக் கற்றுக்கொடுங்கள்: "எனக்கு அது ஆகாது, வேண்டாம்." இதை உரக்கச் சொல்லக் கூச்சப்படாத குழந்தை பாதுகாப்பாக இருக்கும்.

வீட்டிலும் ஒருவரிடம் பேச வேண்டியிருக்கிறது. "கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குனா சரியாப் போயிடும்" என்று ஆசையோடு ஊட்டிவிடும் அப்பாயியிடம் கோபப்படாதீர்கள். அடுத்த முறை அவரையும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்மையிலேயே உண்டு. ஆனால் அது மில்லிகிராம் கணக்கில், சிறப்பு மையங்களில் செய்யப்படுவது. விரலால் எடுத்து நாவில் தடவுவது அன்று.

உயிர் காக்கும் சில நிமிடங்கள்

உடலில் தடிப்பு மட்டும் தோன்றினால் ஒவ்வாமைக்கான மாத்திரை அல்லது மருந்துக் குழம்பு கொடுத்துக் கூர்ந்து கவனிக்கலாம். ஆனால் தடிப்போடு தொடர் வாந்தி, குரல் கம்முதல், விடாத இருமல், மூச்சில் விசில் ஒலி, முகம் வெளுத்தல், தலை சுற்றி மயங்குதல் இவற்றுள் எது சேர்ந்தாலும், அது அனாஃபிலாக்சிஸ் என்னும் ஒவ்வாமை அதிர்ச்சி. ஆகாத உணவைத் தின்ற குழந்தைக்குத் தடிப்பே இல்லாமல் மூச்சு மட்டும் திணறினாலும் அதுவே. அதற்குரிய முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள், எடைக்கேற்ப கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் அளவில் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் மறுமுறையும் போடலாம். ‘அலர்ஜி ஊசி’ என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் அவிலும் டெக்சாவும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். அடைபடும் மூச்சுக்குழலை அவை உரிய நேரத்தில் திறக்கா. அவற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் காலம் வீணாகும்.

குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிடலாம். எழுப்பி நடக்கவைக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள். பெரம்பலூருக்கோ அரியலூருக்கோ போக வேண்டும் என்று கருதி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிச் செல்லாதீர்கள். தடுப்பூசி போடும் இடங்களில் அட்ரினலின் வைத்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. ஊசி போட்டுத் தேறிய பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அறிகுறிகள் இரண்டாம் முறையும் தோன்றுவது உண்டு. ஒருமுறை இத்தகைய அதிர்ச்சிக்கு உள்ளான குழந்தையின் வீட்டில், வெளிநாடுகளில் கிடைக்கும் அட்ரினலின் பேனா இருந்தால் நல்லது. அது நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் மருந்துக் குப்பியையும் ஊசிக்குழலையும் வெயில் படாமல் வைத்துக்கொள்ளவும், அளவு பார்த்துப் போடவும் பெற்றோருக்குக் கற்றுத்தருகிறோம்.

எவ்வளவு காலம்?

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்துக்குள் தணிந்துவிடுகிறது. அதற்கு முன்பே, நன்கு வெந்த கேக் போன்றவற்றில் உள்ள முட்டை பலருக்கு ஒத்துக்கொள்கிறது. அதையும் மருத்துவமனையில்தான் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒருவருக்கே நீங்குகிறது. எள்ளும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஆகவே ஓராண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசோதனைக்கு வாருங்கள். முட்டை ஆகாது என்பதற்காகத் தட்டம்மைத் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டாம், அது பாதுகாப்பானது.

அடுத்த குழந்தை பிறந்திருந்தால், அதற்கு இவ்வுணவுகளைத் தள்ளிப்போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தள்ளிப்போடுவதே தீங்கு எனத் தெரியவந்துள்ளது. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து இலண்டனில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டிலேயே கடலை உணவைத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்திருந்தது. எனவே ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கும்போதே நன்கு பொடித்த கடலையைக் கூழில் கலந்தும், நன்கு வேகவைத்த முட்டையைச் சிறிதளவிலும் தொடங்கலாம். முழுக் கடலை ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். அந்தக் குழந்தைக்குக் கடும் கரப்பான் இருந்தால், தொடங்குமுன் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வரும்போது ஆய்வக அறிக்கையோடு, கடந்த இரண்டு வாரங்கள் குழந்தை சாப்பிட்டவற்றை நாள், நேரம், அறிகுறியோடு எழுதிய ஒரு நோட்டையும், சந்தேகத்துக்குரிய பொட்டலங்களின் காலி உறைகளையும் கொண்டுவாருங்கள். குழந்தையின் உதடு வீங்கியபோது, உடல் தடித்தபோது கைப்பேசியில் எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டுங்கள்.